ஒதுக்குப்புற விமான நிலையங்கள்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீவு, மலை, பனிப் பிரதேசம் என்று எட்டாத இடங்களுக்குப் பயணம் போடுகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே விஷயம்தான். எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரம்? முதல் கேள்விக்கு ஒரே ஒரு சரியான விடை உண்டு. இரண்டாவது கேள்விதான் ஆளைச் சுற்றவிடும், ஏனென்றால் அதற்கான விடை எந்த விமானம், எந்தக் காற்று, எந்த ஓடுபாதை என்பதைப் பொறுத்து மாறும். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரு ஜோடி வேண்டும். இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கோகோஸ் தீவுகளையும் கிறிஸ்துமஸ் தீவையும் எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் சின்ன விமான நிலையம், சுற்றிலும் கடல்.

நெட்டில் "டிஸ்டன்ஸ்"னு போட்டிருக்கே, அது எந்தத் தூரம்? விமானம் பறக்கிற தூரமா?

இல்லை. பூமியின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே இருக்கும் மிகக் குறுகிய வழியின் நீளம் அது. பெருவட்டத் தூரம் என்பார்கள். ஒரு உருண்டையில் இரண்டு புள்ளிகளைத் தொட்டு நூலை இறுக்கிப் பிடித்தால் நூல் எந்த வழியில் படியுமோ, அதுதான். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அதிகாரபூர்வமான ஆயத்தொலைவுப் புள்ளி (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களால் குறித்த இடம்) ஒன்று உண்டு. பெரும்பாலும் ஓடுபாதையின் நடுப்பக்கமாக இருக்கும். தூரம் அங்கிருந்து அங்கே அளக்கப்படுகிறது.

இந்த எண்ணை நம்பலாம். கோகோஸ்–கிறிஸ்துமஸ் தூரத்தை ஒரு தளம் 985 கி.மீ. என்றும் இன்னொன்று 988 கி.மீ. என்றும் காட்டினால் பதற வேண்டாம். பூமியைச் சரியான கோளமாக வைத்துக் கணக்கிட்டதா, துருவத்தில் சற்றே தட்டையானதாக வைத்துக் கணக்கிட்டதா என்ற வித்தியாசம்தான். அது அரை சதவீதத்தைத் தாண்டாது.

கி.மீ. ஒரு எண், மைல் ஒரு எண், நாட்டிக்கல் மைல் இன்னொரு எண். எதை எடுத்துக்கிறது?

எதை வேண்டுமானாலும், ஆனால் கலக்காமல். ஒரு நாட்டிக்கல் மைல் 1.852 கி.மீ. சாலை மைல் 1.609 கி.மீ. கோகோஸ்–கிறிஸ்துமஸ் தூரம் 985 கி.மீ. என்றால் அதுவே 532 நாட்டிக்கல் மைல், 612 சாதா மைல். விமானிகள் நாட்டிக்கல் மைலில்தான் பேசுவார்கள், வேகத்தை 'நாட்' கணக்கில் சொல்வார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல். நாட் கணக்கு வேகத்தால் கிலோமீட்டரை வகுத்துவிட்டு "நாலு மணி நேரம் வருதே" என்று கேட்பவர்கள் நிறைய.

தளத்தை நம்பாமல் நானே கணக்குப் போட முடியுமா?

தாராளமாக. தூரம் சில நூறு கிலோமீட்டர் என்றால் பள்ளிக்கூடக் கணக்கே போதும். தெற்கு வடக்காக ஒரு பாகை எங்கே இருந்தாலும் சுமார் 111 கி.மீ. கிழக்கு மேற்காக ஒரு பாகை நிலநடுக்கோட்டில் மட்டும் 111 கி.மீ.; துருவத்தை நோக்கிப் போகப்போக அது சுருங்கும். 60 பாகை அட்சரேகையில் பாதியாகிவிடும். எவ்வளவு சுருங்கும் என்பதை அந்த அட்சரேகையின் கொசைன் மதிப்பு சொல்லும்.

கோகோஸ் விமான நிலையம் தெற்கு 12.19, கிழக்கு 96.83. கிறிஸ்துமஸ் தீவு தெற்கு 10.45, கிழக்கு 105.69. அட்சரேகை வித்தியாசம் 1.74 பாகை, அதாவது 193 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 8.86 பாகை, 111ஆல் பெருக்கினால் 983. நடு அட்சரேகை 11.3 பாகை, அதன் கொசைன் 0.98. பெருக்கினால் 964 கி.மீ. இனி பித்தாகரஸ்: 193இன் வர்க்கத்தையும் 964இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 983 கி.மீ. துல்லியமான கணக்கு 985 பக்கம் வரும். கையால் போட்ட கணக்குக்கு இது போதாதா?

இந்தக் குறுக்குவழி நீண்ட தூரங்களுக்கும் துருவப் பகுதிக்கும் ஒத்துவராது. அங்கே உருண்டையின் மேல் தூரம் கணக்கிடும் ஹேவர்சைன் சூத்திரம் வேண்டும். பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்துக்கொண்டு எக்செல்லில் ஒரே வரியில் எழுதிவிடலாம்.

மேப்பில் ஸ்கேல் வச்சு அளந்தால் ரொம்ப அதிகமா வருது. ஏன்?

தட்டையான வரைபடம் துருவத்தை ஒட்டிய இடங்களை இழுத்து அகலமாக்கிக் காட்டுகிறது. முந்தைய பதிலில் பார்த்த சுருங்கும் தீர்க்கரேகை அதில் சுருங்குவதே இல்லை.

நார்வேயின் ஸ்வால்பார்டில் உள்ள லாங்யெர்பியெனையும் அலாஸ்காவின் வடகோடியில் உள்ள உட்கியாக்விக்கையும் பாருங்கள். வரைபடத்தில் ஒன்று இந்தக் கோடி, மற்றது அந்தக் கோடி. வரைபடத்தில் நேர்கோடாகத் தெரியும் வழியில் போனால் சுமார் 5,000 கி.மீ. உண்மையான குறுகிய வழி வட துருவத்தின் பக்கமாகப் போகிறது. அது சுமார் 3,380 கி.மீ.தான். இந்த இரண்டு ஊருக்கும் நடுவே வழக்கமான பயணிகள் விமானம் எதுவும் ஓடவில்லை என்பது வேறு கதை.

ஊர் பேரைப் போட்டால் சம்பந்தமே இல்லாத தூரம் காட்டுது. தளம் தப்பா?

தளம் தப்பாக இருக்காது, ஊர் வேறாக இருக்கும். நம் உதாரணமே இதற்குப் பேர்போனது. கிறிஸ்துமஸ் தீவு என்ற பெயரில் பசிபிக் பெருங்கடலில் கிரிபாட்டி நாட்டிலும் ஒன்று இருக்கிறது. இந்தியப் பெருங்கடல் தீவின் விமான நிலையக் குறியீடு எக்ஸ்.சி.எச்., பசிபிக் தீவின் குறியீடு சி.எக்ஸ்.ஐ. மாற்றிப் போட்டால் பக்கத்துக் கடலுக்கே போய்விடுவீர்கள். கனடாவின் சிட்னிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு ஆஸ்திரேலியாவின் சிட்னியைத் தேடியவர்கள் செய்தித்தாளில் வந்திருக்கிறார்கள்.

ஆகவே பெயரை விட்டுவிட்டுக் குறியீட்டைப் போடுங்கள். டிக்கெட்டில் இருக்கும், விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கம் தரும் மூன்றெழுத்து ஐ.ஏ.டி.ஏ. குறியீடு எல்லாச் சின்ன நிலையங்களுக்கும் கிடையாது. அப்போது சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் நான்கெழுத்து ஐ.சி.ஏ.ஓ. குறியீட்டைத் தேடுங்கள். அதுவும் இல்லாத மண் ஓடுபாதைகள் உண்டு. அவற்றுக்கு ஆயத்தொலைவை நேரடியாகப் போடுவதுதான் வழி.

சரி, தூரம் தெரிஞ்சுபோச்சு. எத்தனை மணி நேரம் ஆகும்னு அதே தளம் சொல்லுதே, அதை எடுத்துக்கலாமா?

அவசரப்படாதீர்கள். பெரும்பாலான தளங்கள் தூரத்தை மணிக்கு 800 அல்லது 850 கி.மீ. என்ற ஜெட் வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்துக் காட்டும். இரண்டு பெரிய நகரங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். சின்ன நிலையங்களுக்கு ஜெட் வருமா என்பதே முதல் கேள்வி.

அங்கே வழக்கமாக வரும் விமானங்களின் பயண வேகம் தோராயமாக இப்படி. பிரிட்டன்-நார்மன் ஐலேண்டர் மணிக்கு 240 கி.மீ. பக்கம். ட்வின் ஆட்டர் 290 பக்கம். செஸ்னா காரவான் 300க்கு மேல். ஏடிஆர் 72 என்றால் 500. ஆகவே 600 கி.மீ. தூரத்தை ஜெட் ஒன்றேகால் மணியில் முடித்துவிடும். ட்வின் ஆட்டருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். தூரம் ஒன்றே, நேரம் மட்டும் கிட்டத்தட்ட இரு மடங்கு. எந்த விமானம் என்று தெரியாமல் நேரத்தைச் சொல்கிறவரை நம்பவே வேண்டாம் என்பது என் கட்சி.

கோகோஸ்–கிறிஸ்துமஸ் வழியில் ஜெட் ஓடுகிறது. 985ஐ 800ஆல் வகுத்தால் 74 நிமிடம். ஏற இறங்க இருபது நிமிடம் சேர்த்தால் சுமார் ஒன்றரை மணி நேரம். அதே தூரத்துக்கு ட்வின் ஆட்டர் கிடைத்தால் மூன்றரை மணி. அது அங்கே ஏன் நடைமுறைக்கு ஆகாது என்பதைப் பின்னால், பாதி வழியில் திரும்பிய விமானத்தைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

வெறும் 45 கி.மீ.க்குக் கால் மணி நேரமா? கணக்குப்படி ஒன்பது நிமிஷம்தானே?

கணக்கு விமானம் தரையிலிருந்தே முழு வேகத்தில் கிளம்புவதாக நினைக்கிறது. கரீபியக் கடலின் சின்ட் மார்ட்டனிலிருந்து சாபா தீவுக்கு 45 கி.மீ. பக்கம். ட்வின் ஆட்டர் ஓடி, ஏறி, திரும்பி, காற்றுத் திசை பார்த்து, வேகம் குறைத்துச் சுமார் 400 மீட்டர் நீள ஓடுபாதையில் உட்கார வேண்டும். பாதையின் இரண்டு முனையிலும் பள்ளம், அடியில் கடல். நிதானமாகத்தான் வருவார்கள். தூரம் குறையக் குறைய இந்த ஏற இறங்கும் நேரத்தின் பங்கு பெரிதாகும். ஜெட்டுக்கு 20 முதல் 30 நிமிடம், சின்ன விமானத்துக்கு 5 முதல் 10 நிமிடம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதன் உச்சம் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் இருக்கிறது. வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு 2.7 கி.மீ.தான். உலகிலேயே மிகக் குறுகிய வழக்கமான விமானப் பயணம் இது. அட்டவணையில் இரண்டு நிமிடம் என்று போட்டிருக்கும். காற்று தோதாக அமைந்த ஒரு நாளில் 53 விநாடியில் போயிருக்கிறார்கள்.

டிக்கெட்டில் ஒன்றேகால் மணின்னு இருக்கு. பைலட் "ஐம்பது நிமிஷம்"னு அறிவிக்கிறார். யார் சொல்றது சரி?

இரண்டும் சரி. டிக்கெட்டில் இருப்பது சக்கரத்தடையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, சேருமிடத்தில் நிற்கும் வரையான நேரம். விமானி சொல்வது ஆகாயத்தில் இருக்கும் நேரம் மட்டும்.

சின்ன நிலையத்தில் வரிசையில் காத்திருக்கும் தொல்லை கிடையாது. ஆனால் ஒரு சங்கடம் உண்டு. ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் தனி வழி இருக்காது. விமானம் ஓடுபாதையிலேயே கடைசி வரை மெல்ல ஊர்ந்து போய், அங்கே வளைந்து திரும்பிப் பிறகுதான் கிளம்பும். ஐந்து நிமிடம் அதற்கே போய்விடும்.

போறதுக்கு ஒரு நேரம், வர்றதுக்கு ஒரு நேரம் போட்டிருக்காங்க. அச்சுப் பிழையா?

காற்று. சிலி நாட்டின் சாண்டியாகோவிலிருந்து ஈஸ்டர் தீவு 3,750 கி.மீ. தீவுக்குப் போகும்போது, அதாவது மேற்கு நோக்கி, ஐந்தரை மணி நேரத்துக்கு அருகில் ஆகும். திரும்பும்போது பெரும்பாலும் ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்த அட்சரேகைகளில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்றுதான் காரணம்.

சின்ன விமானங்கள் அவ்வளவு உயரத்துக்குப் போவதில்லை. ஐலேண்டர், ட்வின் ஆட்டர், காரவான் ஆகியவற்றின் கேபினில் அழுத்தம் ஏற்றப்படுவதில்லை. வழக்கமாகப் பத்தாயிரம் அடிக்குக் கீழேயே பறக்கும். அங்கே காற்று அவ்வளவு பலமாக இருக்காதுதான். ஆனால் விமானமே மெதுவானது. மணிக்கு 50 கி.மீ. எதிர்க்காற்று, 850இல் போகும் ஜெட்டிடமிருந்து ஆறு சதவீத வேகத்தைத்தான் பிடுங்கும். 240இல் போகும் ஐலேண்டரிடமிருந்து ஐந்தில் ஒரு பங்கையே எடுத்துவிடும்.

போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. மொத்தத்தில் சமன் ஆயிடுமே?

ஆகாது. கேட்பவர் எல்லோரும் முதலில் நம்ப மறுக்கும் விஷயம் இதுதான். 600 கி.மீ. தூரம், விமான வேகம் 300 என்று வையுங்கள். காற்றே இல்லாவிட்டால் போக 2 மணி, வர 2 மணி, மொத்தம் 4. இப்போது 50 கி.மீ. காற்று. போகும்போது வேகம் 250, நேரம் 2 மணி 24 நிமிடம். வரும்போது வேகம் 350, நேரம் 1 மணி 43 நிமிடம். மொத்தம் 4 மணி 7 நிமிடம்.

எதிர்க்காற்றில் இருக்கும் நேரம் பின்காற்றில் இருக்கும் நேரத்தைவிட அதிகம், அதனால் இழந்தது முழுதாகத் திரும்பி வருவதில்லை. காற்று பக்கவாட்டில் அடித்தாலும் நஷ்டம்தான். வழி தவறாமல் இருக்க மூக்கைக் கொஞ்சம் காற்றின் பக்கம் திருப்பிக்கொண்டே பறக்க வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை கிளம்பி வெள்ளிக்கிழமை போய்ச் சேருதுன்னு காட்டுது. இது எப்படி?

சமோவாவிலிருந்து அமெரிக்க சமோவாவுக்கு டிக்கெட் பார்த்திருப்பீர்கள். முக்கால் மணிக்குள் முடியும் பயணம். ஆனால் நடுவே சர்வதேசத் தேதிக் கோடு போகிறது. 2011 டிசம்பரில் சமோவா தன்னைக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பர் 30 என்ற நாளே அங்கே வரவில்லை. இப்போது இரண்டுக்கும் கடிகாரம் ஒன்றேதான், தேதி மட்டும் ஒரு நாள் வித்தியாசம். சனி காலை 8 மணிக்குக் கிளம்பினால் வெள்ளி காலை 8.40க்கு இறங்குவீர்கள். ஓட்டல் பதிவு செய்யும்போது இதை மறந்தால் ஒரு ராத்திரி தெருவில்தான்.

அரை மணி வித்தியாசங்களும் ஏமாற்றும். கோகோஸ் கடிகாரம் கிறிஸ்துமஸ் தீவுக் கடிகாரத்தைவிட அரை மணி பின்னால் ஓடுகிறது. ஒன்றரை மணி நேரப் பறப்பு, ஒரு பக்கம் ஒரு மணி நேரமாகவும் மறுபக்கம் இரண்டு மணி நேரமாகவும் அட்டவணையில் தெரியும். அது காற்றின் வேலை இல்லை, கடிகாரத்தின் வேலை.

135 கி.மீ.தான், அரை மணி நேரம்தான்னு சொன்னாங்க. ரெண்டு நாள் காத்திருந்தோம். என்ன கணக்கு இது?

நேபாளத்தின் லுக்லா. காட்மாண்டுவிலிருந்து நேர்த்தூரம் 135 கி.மீ. பறக்கும் நேரம் அரை மணிக்குச் சற்று மேல். அந்த எண்களில் பிழை எதுவும் இல்லை. ஓடுபாதை 527 மீட்டர் நீளம், 2,800 மீட்டருக்கு மேல் உயரத்தில், ஏறத்தாழ 12 சதவீதச் சரிவோடு இருக்கிறது. மேட்டை நோக்கி இறங்க வேண்டும், பள்ளத்தை நோக்கிக் கிளம்ப வேண்டும். ஒரு முனையில் மலைச் சுவர் என்பதால், இறங்கும் கடைசிக் கட்டத்தில் மனம் மாறி மேலே ஏறிவிடவும் முடியாது. கண்ணுக்குப் பாதை தெளிவாகத் தெரிந்தால்தான் வருவார்கள்.

அதனால்தான் பெரும்பாலான விமானங்கள் காலையிலேயே. வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பும், மேகம் மூடும். உயரமும் வெப்பமும் சேர்ந்தால் காற்றின் அடர்த்தி குறையும். இறக்கைக்குத் தூக்குவிசையும் எஞ்சினுக்கு வலுவும் குறைந்து, கிளம்ப நீளமான ஓட்டம் வேண்டும். அந்த நீளம் அங்கே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூட்டமான பருவத்தில் லுக்லா விமானங்கள் காட்மாண்டுவிலிருந்து கிளம்பாமல் ராமேசாப் மாவட்டத்து மந்தலியிலிருந்து கிளம்பும். பறக்கும் நேரம் இருபது நிமிடத்துக்குக் குறைந்துவிடும். "அட, நேரம் மிச்சம்" என்று தோன்றும். ஆனால் மந்தலிக்குச் சாலை வழியாக நாலைந்து மணி நேரம், அதுவும் நள்ளிரவு தாண்டியதும் கிளம்பி.

மேப்பில் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. ஆனா நேர் விமானமே இல்லைன்னு ஏன் சொல்றாங்க?

ஆள் இல்லை, அதுதான். இரண்டு சிற்றூர்களுக்கு நடுவே வாரத்துக்குப் பத்துப் பேர்தான் போவார்கள் என்றால் யார் விமானம் விடுவார்கள்? இரண்டு ஊரிலிருந்தும் ஒரே பெரிய ஊருக்குப் போகிறவர்கள் நிறைய. ஆகவே சின்ன நிலையத்திலிருந்து பெரிய நிலையம், அங்கிருந்து இன்னொரு சின்ன நிலையம் என்று முக்கோணம் அடிக்க வேண்டும். இதில் முன்பு சொன்ன பெருவட்டத் தூரத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

சில இடங்களில் ஒரே விமானம் ஒவ்வொரு தீவாக இறங்கி ஏறிப் போகும். பசிபிக்கில் ஹொனலுலுவிலிருந்து குவாம் வரை யுனைடெட் நடத்தும் சேவை மஜூரோ, குவாஜலின், கோஸ்ரே, போன்பே, சூக் என்று தொட்டுக்கொண்டு போகிறது. நேராகப் போனால் 6,100 கி.மீ., எட்டு மணி நேரத்துக்குள். இப்படிப் போனால் ஏறத்தாழ இரு மடங்கு நேரம். அந்தத் தீவு ஒன்றிலிருந்து அடுத்த தீவுக்குப் போகிறவருக்கோ அது ஒரு மணி நேரத்தைச் சுற்றிய பயணம்தான்.

வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரம் போட்டிருக்கே?

ஸ்காட்லாந்தின் பாரா தீவாக இருந்தால் கடல்தான் காரணம். அங்கே கடற்கரை மணல்தான் ஓடுபாதை, அலை ஏறினால் மூழ்கிவிடும். வழக்கமான விமானங்கள் கடற்கரையில் இறங்கும் நிலையம் அது. ஆகவே அட்டவணை ஏற்றவற்றத்தோடு நகரும். மற்ற இடங்களில் பெரும்பாலும் விளக்கு இல்லாத ஓடுபாதைதான் காரணம். இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும், குளிர்காலத்தில் பகல் குறுகினால் அட்டவணையும் சுருங்கும்.

கிட்டத்தட்ட போய்ச் சேர்ந்துட்டோம், திரும்பிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டாங்க! இறங்க வேண்டியதுதானே?

கோபம் நியாயம்தான், ஆனால் அவர்கள் செய்தது சரி. சேருமிடத்தில் மூடுபனி என்றால் பக்கத்து நிலையத்தில் இறங்குவது வழக்கம். கடல் நடுவே பக்கத்து நிலையம் எது? கிறிஸ்துமஸ் தீவு ஓடுபாதை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டில் இருக்கிறது. தாழ்ந்த மேகம் வந்தால் கரையில் வெளிச்சம், ஓடுபாதையில் இருட்டு.

திரும்ப முடியாத புள்ளி என்று ஒன்றைக் கிளம்பும் முன்பே கணக்கிட்டு வைத்திருப்பார்கள். இருப்பு எரிபொருளை ஒதுக்கியபின் நாலு மணி நேரத்துக்கு எரிபொருள், போகும் வேகம் 250, திரும்பும் வேகம் 350 என்று வையுங்கள். நாலை 350ஆல் பெருக்கி, இரண்டு வேகங்களின் கூட்டுத்தொகையான 600ஆல் வகுத்தால் 2.33 மணி. அதாவது 2 மணி 20 நிமிடம், தூரத்தில் 583 கி.மீ. அதற்குள் சேருமிடத்து வானிலை சரியில்லை என்று தகவல் வந்தால் திரும்பிவிட வேண்டும். தாண்டிவிட்டால் அங்கே இறங்கியே தீர வேண்டும்.

மாற்று நிலையமே இல்லாத இடத்துக்குச் சர்வதேச விதியில் தனி ஏற்பாடு உண்டு. டர்பைன் எஞ்சின் விமானம் (ஜெட்டும் ட்வின் ஆட்டரும் இதில் சேரும்) சேருமிடத்துக்கு மேலே வந்தபிறகும் இரண்டு மணி நேரம் பறக்கும் அளவு எரிபொருள் வைத்திருக்க வேண்டும். ட்வின் ஆட்டருக்கு 985 கி.மீ. ஆகாது என்றேனே, இதனால்தான். நிரம்பிய டேங்கில் அது ஏறத்தாழ 1,400 கி.மீ. போகும். 985உடன் இரண்டு மணி நேரத்துக்கான 580ஐக் கூட்டினால் 1,565. காகிதத்தில் எட்டும் தூரம் கையில் எட்டாமல் போவது இப்படித்தான். 2017இல் வழக்கமான பயணிகள் சேவை தொடங்கிய செயின்ட் ஹெலினா தீவுக்கும் ஜொகானஸ்பர்க்கிலிருந்து ஒரே தாவலாகப் போகாமல், வழியில் நமீபியாவில் இறங்கிப் போகும் வழக்கம் வந்தது இந்த எரிபொருள் கணக்கால்தான்.

என் பெட்டியை இறக்கிட்டாங்க. என்னையே தராசில் ஏத்தினாங்க. அவமானமா இருந்தது.

அவமானப்பட எதுவும் இல்லை. பெரிய விமானத்தில் பயணிகளின் எடைக்குச் சராசரி போட்டுக்கொள்வார்கள். ஒன்பது பேர் ஏறும் விமானத்தில் சராசரி உதவாது. யார் எங்கே உட்கார வேண்டும் என்பதே எடையைப் பார்த்துத்தான் முடிவாகும். போதாக்குறைக்கு, சேருமிடத்தில் எரிபொருள் கிடைக்காவிட்டால் திரும்பிவருவதற்கும் சேர்த்து இங்கேயே நிரப்ப வேண்டும். எரிபொருள் ஏறினால் பெட்டி இறங்கும். மருந்தையும் ஒரு மாற்றுத் துணியையும் கைப்பையில் வையுங்கள். பெட்டி அடுத்த விமானத்தில் வரும், அடுத்த விமானம் வியாழக்கிழமையாக இருக்கலாம்.

ஃப்ளைட் டிராக்கிங் ஆப்பில் விமானம் நடுவழியில் காணாமல் போயிடுச்சு. பயந்துட்டோம்.

விமானம் அனுப்பும் சமிக்ஞையைப் பெரும்பாலும் தரையில் இருக்கும் கருவிகள்தான் வாங்கி ஆப்புக்கு அனுப்புகின்றன. நேர்ப்பார்வையில் இருந்தால்தான் அது எட்டும். கடல் நடுவே கருவி கிடையாது. மலைப் பகுதியில் தாழப் பறக்கும் விமானத்தை மலை மறைத்துவிடும். சில ஆப்கள் கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து உத்தேசமாக ஒரு கோட்டை நீட்டிக் காட்டும், அது உண்மை இல்லை. இறங்கிய தகவல் வேண்டுமானால் விமான நிறுவனத்தை அழையுங்கள்.

நாங்க எட்டுப் பேர். தனி விமானம் வாடகைக்கு எடுத்தால் நேரா போயிடலாமே?

போகலாம். நேரம் மிச்சமாகும், பணம் ஆகும். விமானம் உங்கள் ஊரில் நிற்காது. அது எங்கிருந்தோ காலியாக வந்து, உங்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும். அந்தக் காலிப் பறப்புக்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும். ஆகவே விலை கேட்கும்போது இரண்டு ஊருக்கு இடையிலான தூரத்தை வைத்து மனக்கணக்குப் போடாதீர்கள், விமானம் நிற்கும் ஊரிலிருந்து போடுங்கள். அப்புறம் ஓடுபாதை நீளம், தரை எப்படி, முன்னனுமதி வேண்டுமா, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா, எல்லை தாண்டினால் சுங்கமும் குடியேற்றமும் அங்கே இருக்கிறதா என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

அங்கேயிருந்து வந்து வெளிநாட்டு விமானம் பிடிக்கணும். எத்தனை மணி நேரம் இடைவெளி விடலாம்?

மணியில் கேட்காதீர்கள், நாளில் கேளுங்கள். தினமும் பல விமானம் இருந்தால் ஒரு ராத்திரி இடைவெளி. வாரத்துக்கு இரண்டே விமானம் என்றால், கடைசி விமானத்தை நம்பாமல் அதற்கு முந்தையதில் கிளம்பிவிடுங்கள். லுக்லா போன்ற மலை நிலையத்துக்கு இரண்டு மூன்று நாள் கையிருப்பு வேண்டும்.

முடிந்தால் எல்லாப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் போடுங்கள். தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே டிக்கெட் கிடைக்காவிட்டால் பயணக் காப்பீட்டில் தவறிய இணைப்பு விமானத்துக்கு இழப்பீடு உண்டா, வானிலைத் தாமதம் அதில் சேருமா என்று வாசகத்தைப் படித்துப் பாருங்கள். சில திட்டங்களில் குறைந்தபட்சம் எத்தனை மணி நேரம் இடைவெளி விட்டிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். பொடி எழுத்தில்தான் இருக்கும்.